பாதத்தின் காவலர்கள்

இடுப்பிலிருந்து காலுக்குப் பரவும் வலியை அரபு மருத்துவ நூல்கள் ‘இர்குன் நஸா’ என்கின்றன. ‘இர்க்’ என்பதற்கு வழக்கமான பொருள் இரத்தக் குழாய். ஆயின் அவ்வலிக்கு உரியது குழாயன்று. சயாட்டிக் என்னும் நரம்பே.

முதுகுத் தண்டின் கீழ்ப்பகுதியிலிருந்து கால் நரம்புகள் கிளைக்கின்றன. முன்தொடையில் இறங்கும் ஃபெமரல் நரம்பு முழங்காலை நீட்ட உதவுகிறது. உடலிலேயே மிகப் பருத்த சயாட்டிக் நரம்பு பின்தொடை வழியே இறங்கி, பெரும்பாலும் முழங்காலுக்குச் சற்று மேலே இரண்டாகப் பிரிகிறது. அவற்றுள் பெரோனியல் கிளை, முழங்காலுக்குக் கீழே வெளிப்புற எலும்பின் கழுத்தைத் தோலுக்கடியிலேயே சுற்றிச் செல்கிறது. அது பழுதுற்றால் பாதத்தை உயர்த்த இயலாது; நடக்கையில் முன்பாதம் தொங்கும். டிபியல் கிளையோ உட்கணுக்காலின் பின்புறமாகச் சென்று உள்ளங்காலுக்கு உணர்வூட்டுகிறது.

கால்களில் தொழுநோய் பெரிதும் தாக்குவது இவ்விரு கிளைகளையே. தாம்பரத்துக்குத் தெற்கே, செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1924இல் தோன்றிய தொழுநோய் மருத்துவமனை, 1955இல் மத்திய அரசின் பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனமாயிற்று. அந்நோயில் விரல்கள் தாமே அழுகி உதிர்கின்றன எனப் பலர் எண்ணுவது பிழை. உணர்விழந்த பாதத்தில் முள் தைத்தாலும் தெரிவதில்லை; வலியின்றி நடக்க நடக்கப் புண் ஆழ்ந்து எலும்பை அரிக்கிறது. நீரிழிவால் நரம்பு கெட்டவர்க்கும் இதே இடர் உண்டு.

வலி பகையன்று, காவல். அக்காவலை இழந்தவர்க்குக் கண்ணே காவல். உளூவில் பாதம் கழுவுகையில் உள்ளங்காலையும் ஒருமுறை நோக்குக!