மூன்றாவது ஸிலிண்டரின் தாகம்

பாரவண்டி இழுத்து வந்த மாட்டை அவிழ்த்ததும் தண்ணீர் காட்டுவது வழக்கம். மோட்டார் யந்திரங்களிலும் பெரும்பாலானவை தண்ணீரால்தான் தாகம் தீர்த்துக் கொள்கின்றன. ஆனால், காற்றை மட்டுமே நம்பி ஓடும் யந்திரங்களும் உண்டு.

அவற்றுள் பெயர் பெற்றது, ஜெர்மானிய நிபுணர் பெர்டினாண்ட் போர்ஷே வகுத்த வோக்ஸ்வாகன். வண்டு உருவமுள்ள அந்த வண்டிகள், 2003-ம் ஆண்டில் மெக்ஸிகோவில் கடைசி வண்டி முடிவதற்குள், இரண்டு கோடியே பதினைந்து லட்சத்துக்கு மேல் வெளிவந்தன. அதன் யந்திரம் பின்புறத்தில் இருக்கிறது. எதிர்க்காற்று அங்கே எட்டாது. ஆகவே, தகரக் கூட்டுக்குள் சுழலும் விசிறி ஒன்று, ஸிலிண்டர்களைச் சுற்றியுள்ள செதில் போன்ற தகடுகளின் மீது காற்றை வீசுகிறது.

ஒரு காலத்தில் 1,131 கன சென்டிமீட்டரும் 25 குதிரைச் சக்தியுமே கொண்டிருந்த இந்த யந்திரம், பின்னால் 1,584 கன சென்டிமீட்டருக்கு வளர்ந்து, சுமார் 50 குதிரைச் சக்தி பெற்றது. இன்றைய பிரியர்கள் அதோடு திருப்தி அடைவதில்லை. ஸிலிண்டரின் விட்டத்தை 90.5 மில்லிமீட்டராக்கி, இரட்டைக் கார்புரேட்டர் பொருத்தி, சக்தியை இரு மடங்காக்கி விடுகிறார்கள். எரியும் பெட்ரோலின் உஷ்ணத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டப் பயன்படுகிறது. எனவே சக்தி பெருகினால் வீணாகும் உஷ்ணமும் பெருகும். விசிறியோ பழைய விசிறிதான்!

இந்நிலையில் சிலர் செய்யும் காரியம் விபரீதமானது. அழகுக்குக் குறைவென்று தகர மறைப்புகளைக் கழற்றி எறிகிறார்கள். மேலே குளிர்ந்த காற்று, கீழே சூடான காற்று என்று பிரித்து வைப்பவை அந்த மறைப்புகளும் அவற்றின் ஓரத்து ரப்பருமே. அவை போனால், வெளியே சென்ற அனலையே விசிறி மறுபடியும் இழுத்துக் கொள்ளும். வேறு சிலர், விசிறிக்குச் செலவாகும் சக்தியை மிச்சம் பிடிக்க எண்ணிச் சிறிய கப்பியைப் பூட்டுகிறார்கள். விசிறியின் வேகம் குறைகிறது. நகரத் தெருக்களில் மெல்ல ஓடும்போது யந்திரம் கொதிக்கிறது.

மூன்றாவது ஸிலிண்டரின் கதை பரிதாபமானது. பழைய அமைப்பில், எண்ணெயைக் குளிர்விக்கும் கருவி அதற்கு நேர் மேலே, காற்று வரும் வழியிலேயே நின்றது. தலைமடைக்காரர் நீரைப் பாய்ச்சிக் கொண்ட பின் கடைமடை வயலுக்கு மிஞ்சியது கிடைப்பதுபோல, சூடேறிய காற்றே அந்த ஸிலிண்டருக்குக் கிடைத்தது. அதன் வால்வு கருகுவது வழக்கமாயிற்று. 1971-ம் ஆண்டு மாடலில்தான் அந்தக் கருவியை ஒதுக்கி, தனிக் கூண்டில் வைத்தார்கள். சக்தியைக் கூட்ட விரும்புவோர் முதலில் கவனிக்க வேண்டியது இந்த அமைப்பையே.

எண்ணெயும் காற்றுக்குத் துணை. இயல்பில் இரண்டரை லிட்டரே கொள்ளும் யந்திரத்துக்கு ஆழமான எண்ணெய்த் தொட்டியும், தனி விசிறியோடு வெளியே ஒரு குளிர்விக்கும் கருவியும் சேர்ப்பது நலம். பெட்ரோல் குறைந்த கலவையும், அளவுக்கு முந்திய தீப்பொறியும் உஷ்ணத்தை வளர்க்கும் என்பதையும் மறக்கலாகாது.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. டைனமோவும் விசிறியும் ஒரே அச்சில் சுழல்கின்றன; இரண்டுக்கும் வார் ஒன்றே. ஓட்டத்தின் நடுவே சிவப்பு விளக்கு எரிந்தால், "பாட்டரிதானே, வீடு போய்ப் பார்த்துக் கொள்ளலாம்" என்று எண்ணுவது சகஜம். வார் அறுந்திருந்தால், அந்தச் சமயத்தில் விசிறியும் நின்றிருக்கும். அங்கேயே வண்டியை நிறுத்திப் பார்ப்பவருக்கு ஒரு வாரின் விலையோடு போகும். வீடு வரை ஓட்டியவர் யந்திரத்தையே இழக்க நேரிடும்.