நியூட்ரான் விண்மீன் பற்றிய கணித மாதிரிகள்: ஒரு கலைச்சொல் நோக்கு

1. முன்னுரை

அறிவியல் மொழிபெயர்ப்பில் புதிய சொற்களைக் காட்டிலும் பழகிய சொற்களே மிகுதியும் இடர் விளைவிக்கின்றன. அன்றாட வழக்குச் சொல் ஒரு துறையினுள் நுழைந்து பொருள் குறுகும்பொழுது அகராதிப் பொருள் வழிகாட்டுவதில்லை. நியூட்ரான் விண்மீன்களின் உட்பொருளை விளக்கும் கணித மாதிரிகள் இதற்குத் தக்க சான்றாகும்.

2. மாதிரியின் அமைப்பு

பெருவிண்மீன் வெடித்தபின் எஞ்சும் கருவே நியூட்ரான் விண்மீன். சூரியனை விஞ்சிய நிறை, ஏறத்தாழ 12 கி.மீ. ஆரமுள்ள கோளத்துள் அடங்கியுள்ளது. அணுக்கருப் பொருளின் நிறை ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 27 கோடி டன். விண்மீனின் மையத்தில் அடர்த்தி அதனினும் பல மடங்காகும். இப்பொருளை இதே நிலையில் ஆய்வுக்கூடத்தில் ஆக்கி அளக்க இயலாமையால் கணித மாதிரி இன்றியமையாததாகிறது.

மாதிரி இரு கூறுகளால் ஆனது. ஒன்று, பொருளின் அடர்த்திக்கும் அழுத்தத்திற்கும் உள்ள உறவு. இதனைப் 'பொருள்நிலைச் சமன்பாடு' எனலாம். 'நிலைச் சமன்பாடு' என மட்டும் கூறின், நிலையான சமன்பாடு என மயங்க இடமுண்டு. மற்றொன்று, ஈர்ப்பும் அழுத்தமும் சமன்படும் நிபந்தனை. இது பொதுச் சார்பியலிலிருந்து பெறப்படுவது. மைய அடர்த்தி ஒன்றைக் கொண்டு தொடங்கி, அழுத்தம் சுழியாகும் வரை வெளிநோக்கிக் கணித்தால் விண்மீனின் ஆரமும் நிறையும் கிடைக்கும். விண்மீன் தாங்கத்தக்க உச்ச நிறையும் இவ்வாறே பெறப்படும். நியூட்ரான்கள் தம்முள் விசை செலுத்துவதில்லை எனக் கொண்டு, 1939இல் ஓப்பன்ஹைமரும் வோல்கோஃபும் கணித்த வரம்பு சூரிய நிறையில் ஏறத்தாழ 0.7 பங்கே.

3. விறைப்பும் நெகிழ்வும்

அடர்த்தி மிகும்பொழுது அழுத்தம் விரைந்து மிகுமாயின், அச்சமன்பாட்டை ஆங்கிலத்தில் 'ஸ்டிஃப்' என்பர்; மெல்ல மிகுமாயின் 'சாஃப்ட்' என்பர். முன்னதைக் 'கடினச் சமன்பாடு' எனப் பெயர்த்தால், தீர்த்தற்கு அரிய சமன்பாடு என்றே தமிழ் வாசகர் கொள்வர். எண்முறைக் கணிதத்தில் 'ஸ்டிஃப்' என்பது கணித்தற்கு அரிய வேறொரு வகைச் சமன்பாட்டைச் சுட்டுவதால் மயக்கம் இரட்டிக்கும்.

2010இல் ஒரு துடிப்பு விண்மீனின் நிறை சூரியனைப்போல் 1.97 மடங்கு என அளக்கப்பட்டது. அந்நிறையைத் தாங்க இயலாத நெகிழ்வான சமன்பாடுகள் பல கைவிடப்பட்டன. 2017இல் இரு நியூட்ரான் விண்மீன்கள் இணைந்தபொழுது எழுந்த ஈர்ப்பலைகள், அவை ஒன்றையொன்று மிகுதியாக உருத்திரிக்கவில்லை எனக் காட்டின; மிகு விறைப்பான சமன்பாடுகளும் ஏற்பிழந்தன. இங்குக் 'கடினம்' என எழுதினால், தீர்க்க இயலாமையால் அவை கைவிடப்பட்டன என்னும் பிழைபட்ட பொருள் தோன்றும். 'விறைப்பு', 'நெகிழ்வு' என்னும் இணை பொருளின் பண்பைச் சுட்டுவதால் பொருந்துகிறது.

4. ஒரு சொல், இரு பொருள்

'டிஜெனரேட்' என்பதன் இலத்தீன் மூலம், தன் இனத்தின் இயல்பினின்று விலகுதல் என்பதாகும். வளிமத்தைக் குறிக்கையில் அப்பொருளே நிற்கிறது: அடர்ந்த துகள்கள் ஒரே குவாண்ட நிலையில் அமைய இயலாமையால், வெப்பத்தைப் பெரிதும் சாராத அழுத்தம் பிறக்கிறது. வெண்குறு விண்மீன்களைத் தாங்குவது இவ்வழுத்தமே. சந்திரசேகர் வரம்பு இதனடிப்படையில் எழுந்தது. 'சிதைந்த அழுத்தம்' என்னும் பெயர்ப்பு வலுவிழந்ததைச் சுட்டி உண்மையைத் தலைகீழாக்கும். குவாண்டவியலில் அதே சொல் சம ஆற்றலுடைய பல நிலைகளைக் குறிக்கும். எனவே 'இயல்பு திரிந்த வளிமம்', 'சம ஆற்றல் நிலைகள்' என இருவேறு சொற்கள் தேவை.

5. முடிவுரை

மூலச்சொல் ஒன்றாயினும் மாதிரியில் அதன் பணி வேறுபடுமாயின் தமிழ்ச்சொல்லும் வேறுபடவேண்டும். ஆக்கிய சொல்லைத் தனித்து நோக்காது, அது வரும் முழுத்தொடரில் வைத்துச் சோதிப்பதே தக்க முறையாகும்.