உறைப்புக் குறைந்த மிளகாய்க்கு ஒரு சிறு வீடு

கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் பெருந்தெருவிலே, கட்டுகஸ்தோட்டையையும் அக்குறணையையும் கடந்தால் வருவது அலவத்துகொட. இவ்வட்டாரத்து இல்லங்களின் பின்புறத்தை முதன்முறை காண்போர், தோட்டத்தைப் பார்க்கிறோமா, காட்டைப் பார்க்கிறோமா என்று ஐயுறுவர். பலாவும் கமுகும் கராம்பும், அவற்றின்மேற் படர்ந்த மிளகுக்கொடியுமாக நிழல் அடுக்கடுக்காய்க் கவிந்து நிற்கும். மிளகு இம்மண்ணில் நெடுங்காலம் ஊன்றிய பயிர். அதன் பெயரைக் கடன்வாங்கிக்கொண்ட மிளகாயோ அமெரிக்கக் கண்டத்தைப் பிறப்பிடமாக உடையது; 1505இல் போர்த்துக்கேயர் இலங்கையிற் கால்வைத்ததன் பின்னரே இங்கு வந்து சேர்ந்தது. நிழலில் அது நாணிக் குன்றிவிடும். அதற்கு வெயில் வேண்டும்.

மிளகாய் இனத்திலே சாதுவானது கறிமிளகாய். சிங்கள அயலவர் இதனை 'மாலு மிரிஸ்' என்பர். தேங்காய்ப்பால் விட்டுக் கறியாக்கினாலும், வயிற்றைக் கீறி மீனும் உருளைக்கிழங்கும் அடைத்துப் பொரித்தாலும், குழந்தைகளும் முதியோரும் அஞ்சாது உண்ணலாம். சி.ஏ.-8, ஹங்கேரியன் யெலோ வக்ஸ் என்னும் இரு வகைகளும் நம் நாட்டில் நன்கு அறிமுகமானவை. பின்னதன் பெயரிலுள்ள ஹங்கேரி நாடு மிளகாயாற் புகழ்பெற்றது. அங்குள்ள செகெத் நகரில் ஆராய்ச்சி செய்த அல்பேட் சென்ட்-ஜோர்ஜி என்னும் அறிஞர், மிளகாயிலிருந்தே உயிர்ச்சத்து சீயைப் பெருமளவிற் பிரித்தெடுத்தார். 1937இல் நோபல் பரிசும் பெற்றார்.

குளிர்நாட்டார் செடிகளுக்குக் கண்ணாடி வீடு கட்டுவது வெப்பத்தைச் சிறைப்பிடிக்க. வெப்பத்துக்குக் குறைவில்லாத நமக்கு அது எதற்கு என்று வாசகர் வினவலாம். நமது பச்சை வீடு வேறு காரியத்துக்கானது: மழையைத் தடுக்கவும் பூச்சியை விலக்கவுமே அது வேண்டும். ஆதலின் மேலே தெளிந்த பொலித்தீன் கூரையும், நாற்புறமும் பூச்சி நுழையாத நுண்வலையும் போதும். பத்தடிக்கு எட்டடி இடமும் மூங்கிற் கால்களும் உடையார் எவரும் இதனை அமைக்கலாம். கூரை உயர்ந்திருத்தல் நன்று. சூடான காற்று மேலே வெளியேற வழி இல்லையேல், நண்பகலில் உள்ளே வெந்து பூக்கள் உதிர்ந்துவிடும். பொலித்தீனால் நாற்புறத்தையும் மூடிவிட்டு, 'பூக்கிறது, காய்க்கவில்லையே' என்று முறையிடுவோர் இதனைக் கவனிப்பாராக.

தும்புத்தூளும் நன்கு மக்கிய கூட்டெருவும் சமமாய்க் கலந்து தட்டுகளில் நிரப்பி, கால் அங்குல ஆழத்தில் விதையை இடுக. 25 முதல் 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில், ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாளுக்குள் முளை தோன்றும். இளநாற்றுகள் அடித்தண்டு அழுகிச் சாய்வது ஈரம் மிகுந்த மண்ணில் வாழும் பூஞ்சணங்களின் வேலை; காலையில் மட்டும் நீர் தெளிப்பின் அத்தொல்லை பெரிதும் குறையும். நான்கைந்து வாரத்தில் ஒன்றரை அடி இடைவெளியில் நடலாம். ஆயின் முன்பு தக்காளி, கத்தரி, உருளைக்கிழங்கு நின்ற மண் ஆகாது. இவை யாவும் ஒரே குடும்பம். குடும்ப நோயும் ஒன்றே. பச்சையாயிருந்த செடி திடீரென வாடினால், தண்டை நறுக்கித் தெளிந்த நீரில் நிறுத்திப் பாருங்கள். வெட்டுவாயிலிருந்து பால்போல் இழை வழிந்தால் அது பற்றீரியா வாடல். செடியை வேரோடு அகற்றுவதன்றி வேறு மருந்தில்லை.

வலைக்குள் காற்றும் தேனீயும் வாரா. ஆதலின் பூத்த கிளைகளைக் காலைதோறும் விரலால் மெல்லத் தட்டிவிடுக. மகரந்தம் உதிர்ந்து தன் பூவிலேயே சேரும். நட்ட இரண்டு மாதமளவிற் காய் பறிக்கத் தொடங்கலாம்.

இனி, பலரைத் திகைக்க வைக்கும் செய்தியொன்று. சென்ற போகத்தில் இனிய காயாக உண்டு, அதன் விதையையே பேணி விதைத்திருப்பர். இப்போகத்துக் காயோ நாவைப் பொசுக்கும். 'மண் மாறிவிட்டது' என்பார் சிலர். மண்மீது பழியில்லை. மிளகாயின் உறைப்புக்குக் காரணமான கப்சாய்சின், விதையிற் பிறப்பதன்று. விதையைத் தாங்கும் வெண்ணிறத் தசையிலே பிறப்பது. அத்தசை தாய்ச்செடிக்கு உரியது. ஆகவே, அயலிலுள்ள கொச்சிக்காயின் மகரந்தத்தைத் தேனீ கொணர்ந்து சேர்த்தாலும், அவ்வாண்டுக் காயின் சுவை மாறாது. கலப்பு, விதைக்குள்ளே மறைந்து கிடக்கும். அவ்விதை முளைத்துக் காய்க்கும்போதுதான் குட்டு வெளிப்படும். உறைப்பு ஓங்கும் பண்பு, உறைப்பின்மை ஒடுங்கும் பண்பு; இரண்டும் கூடினால் உறைப்பே வெல்லும். மெண்டலின் பட்டாணிக் கதையைப் பாடசாலையிற் படிக்கும் மாணவருக்கு, இதைவிடச் சுவையான சான்று கிட்டாது!

இங்கேதான் நுண்வலையின் பெரும்பயன் விளங்கும். தேனீயைத் தடுத்த வலை, கலப்பையும் தடுக்கின்றது. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியின்போது, வீட்டுத்தோட்டம் செய்யவென்றே அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை அளிக்க அமைச்சரவை இசைந்ததை நாம் மறக்கவில்லை. அத்தகைய காலத்தில் கையிலுள்ள நம்பகமான விதை, காசிலும் பெரிது. போகந்தோறும் விதைப் பொதி வாங்கும் செலவு சிறு குடும்பத்துக்கு எப்போதுமே சுமைதான். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: கடையில் வாங்கியது கலப்பின விதையாயின், எத்தனை வலை கட்டினும் அதன் பிள்ளைகள் தாயை ஒத்திரா. விதைக்கென வளர்ப்பது பழைய தூய வகையாய் இருத்தல் வேண்டும். வலைக்குள்ளும் அவ்வொரு வகையே நிற்றல் வேண்டும்.

விதைக்காக நோயற்ற செடியொன்றில் மூன்று நான்கு காய்களைப் பறிக்காது விட்டுவிடுக. அவை முற்றிச் செந்நிறம் அடைந்தபின் பிளந்து, விதைகளை நிழலில் உலர்த்துக. கையுறை இல்லாதார் அன்று கண்ணைக் கசக்காதிருத்தல் நலம். நன்குலர்ந்த விதையை மூடியிறுகிய போத்தலில் இட்டு, வகையின் பெயரையும் மாதத்தையும் ஆண்டையும் எழுதி ஒட்டிக் குளிர்ந்த இடத்தில் வைத்தால், இரண்டு ஆண்டு வரை நன்றாகவே முளைக்கும்.