செடியில் பாசி படிந்தால்

குளத்துப் படியில் கால் வைத்தால் வழுக்குகிறது. ஏன்? பாசி.

திருமலையில் சுவாமி புஷ்கரிணி இருக்கிறது. ஆண்டுதோறும் பிரம்மோற்சவத்துக்கு முன்னால் அதைச் சில வாரம் மூடுகிறார்கள். தண்ணீரை வடிக்கிறார்கள். படிகளைத் தேய்த்துக் கழுவுகிறார்கள். பெரிய குளத்துக்கே இந்தப் பாடு என்றால், வீட்டில் உள்ள மீன் தொட்டிக்குச் சொல்லவா வேண்டும்?

சித்தூரிலும் திருப்பதியிலும் பலர் வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்திருக்கிறார்கள். சிலருக்கு அது அழகு. சிலருக்கு அது பிழைப்பு. நமக்குப் பக்கத்தில் உள்ள திருவள்ளூர் மாவட்டத்திலும், சென்னை கொளத்தூரிலும் வண்ண மீன் வளர்த்து விற்றுப் பல குடும்பங்கள் வாழ்கின்றன.

தொட்டியில் செடி இருந்தால் மீன்குஞ்சுகள் அதில் ஒளிந்து பிழைக்கும். அந்தச் செடியைப் பாசி மூடினால் செடி அழுகும். தண்ணீர் கெடும். மீனும் போகும், போட்ட பணமும் போகும்.

எது பாசி? எது செடி?

ஏரியில் கொடி போல வளர்வதை வேலம்பாசி என்கிறோம். பெயரில் பாசி இருந்தாலும் அது செடி. அதற்குத் தண்டும் இலையும் உண்டு. தொட்டிக்கு அது நல்லது.

நமக்குத் தொல்லை தருவது வேறு பாசி. அதற்கு வேர் இல்லை, தண்டு இல்லை, இலையும் இல்லை. இலைமேல் பச்சைத் தூள் போல ஒட்டும். நூல் போல நீளும். பழுப்பு நிறத்திலும் வரும். அது இலையை மூடினால் இலைக்கு வெளிச்சம் கிடைக்காது.

பாசி ஏன் வருகிறது?

பாசிக்கு இரண்டு பொருள் வேண்டும். ஒன்று வெளிச்சம். மற்றொன்று சத்து. மீன் தின்னாமல் விட்ட தீனியும், மீனின் கழிவும் தண்ணீரில் கரைந்து சத்தாகின்றன. இந்த இரண்டும் மிஞ்சினால் பாசி பெருகும்.

நம் வேர்க்கடலைக் காட்டைப் பாருங்கள். கொடி நன்றாகப் படர்ந்தால் களை அடங்கும். கொடி மெலிந்தால் களை ஏறும். தொட்டியிலும் அப்படித்தான். செடி செழித்தால் சத்தை அது எடுத்துக்கொள்ளும். பாசிக்கு மிஞ்சாது.

மருந்து ஊற்றலாமா?

பாசியைக் கொல்லச் சிலர் மயில்துத்தம் கரைத்து ஊற்றுகிறார்கள். இது ஆபத்து. அளவு சற்றுக் கூடினாலும் மீன் சாகும். நத்தையும் சாகும். செடியும் கருகும்.

இன்னொரு கேடும் உண்டு. ஒரே நேரத்தில் செத்த பாசி தொட்டியில் அழுகும். அழுகும்போது தண்ணீரில் உள்ள பிராணவாயு குறையும். இரவில் செடியும் பிராணவாயுவைத்தான் எடுக்கும். காலையில் பார்த்தால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திணறும். கோடையில் தண்ணீர் சூடானால் பிராணவாயு இன்னும் குறையும்.

மருந்து ஊற்றினாலும் காரணம் அப்படியே இருக்கிறது. பாசி மறுபடியும் வரும்.

என்ன செய்யலாம்?

1. தொட்டியை ஜன்னல் வெயில் படாத இடத்தில் வையுங்கள். விளக்கை ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம் மட்டும் போடுங்கள்.

2. இரண்டு மூன்று நிமிடத்தில் மீன் தின்று முடிக்கும் அளவே தீனி போடுங்கள்.

3. வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். 40 லிட்டர் தொட்டி என்றால் 10 லிட்டர் போதும். எல்லாத் தண்ணீரையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். மீன் அதிர்ந்துபோகும்.

4. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். அகலமான பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்துப் பிறகு ஊற்றுங்கள்.

5. பாசி மூடிய பழைய இலையைக் கிள்ளி எடுங்கள். நூல் பாசியை ஒரு குச்சியில் சுற்றி இழுங்கள்.

6. வேலம்பாசி போல வேகமாக வளரும் செடியைக் கூடுதலாக வையுங்கள்.

7. நத்தையும் மோலி மீனும் பாசியைக் கொஞ்சம் மேயும். ஆனால் வேலை முழுவதையும் அவற்றிடம் விடக் கூடாது.

பாசி ஒரே நாளில் போகாது. சில வாரம் பொறுமை வேண்டும். புதிய இலை சுத்தமாக வந்தால் நம் வழி சரி என்று பொருள்.

ஏரியில் விடாதீர்கள்

பாசி தின்னும் என்று சக்கர் மீனை வாங்குகிறோம். அது ஓர் அடிக்கு மேல் வளரும். தொட்டி போதாமல் சிலர் அதை ஏரியில் விட்டுவிடுகிறார்கள். ஆந்திராவிலும் தமிழ்நாட்டிலும் பல நீர்நிலைகளில் அது பெருகிவிட்டது. மீனவர் வலையை அதன் முள் கிழிக்கிறது. ஆகாயத்தாமரையும் முன்பு அழகுக்காக வெளிநாட்டிலிருந்து வந்த செடிதான். இன்று அது ஏரிகளை மூடி நிற்கிறது. ஆகவே தொட்டி மீனையும் செடியையும் ஏரியிலோ கால்வாயிலோ போடாதீர்கள்.

தொட்டியில் எடுத்த பழைய தண்ணீரை வீணாக்க வேண்டாம். அதில் சத்து இருக்கிறது. கீரைப் பாத்திக்கு ஊற்றுங்கள். தொட்டிக்கு வேண்டாத சத்து கீரைக்கு உரம்.

பேசிப் பார்ப்போம்

உங்கள் ஊர் ஏரியில் பாசி எந்த மாதத்தில் அதிகம்? அப்போது வெயில் எப்படி இருக்கிறது? ஏரியில் எந்தக் கழிவு சேர்கிறது?