மின் புல்வெட்டியும் வீட்டுப் பராமரிப்பும்

செலாயாங் தொடர்வீடுகளில், முன்வாசற் கால்வாயோரம் சிறிதளவேனும் புல் வளராத வீடு அரிது. தோட்டத்தில் கத்தி வீசிப் புல் வெட்டிப் பழகிய கைகள் இன்று நைலான் நரம்பு சுழலும் மின் புல்வெட்டியைப் பிடிக்கின்றன. 1971ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஜார்ஜ் பாலஸ் என்பவர், கார் கழுவும் நிலையத்தில் சுழலும் தூரிகைகளைக் கண்டு, துளையிட்ட தகரக் குவளையில் மீன்பிடி நரம்பைக் கோத்து இதன் முன்னோடியைச் செய்தார். அமைப்பு எளிதாகையால், பல பழுதுகளை வீட்டிலேயே நீக்கலாம். ஆனால் எதனைத் தொடுவதாயினும் முதலில் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும்.

நரம்பு வெளிவராமையே அடிக்கடி நேரும் குறை. சுருளை வெளியே எடுத்து, சிக்கல் நீக்கி, அம்புக்குறி காட்டும் திசையில் வரிசையாகச் சுற்றினால் போதும். காய்ந்து முறியும் நரம்பை ஓரிரவு நீரில் ஊறவைத்தால் மீண்டும் வளையும். நைலான் நீரை ஈர்க்கும் தன்மையுடையது. பெட்ரோல் இயந்திரத்தின் தடித்த நரம்பை இதில் கோப்பது வீண் சிக்கனம். பளு தாங்காமல் மோட்டார் கருகிவிடும். காப்புத் தகட்டைக் கழற்றிவிடுவோரும் இதே நட்டத்தை அடைகின்றனர். நரம்பை அளவாக வெட்டும் சிறு கத்தி அத்தகட்டில்தான் உள்ளது.

கருகல் வாடை வந்தால் உடனே நிறுத்தி, காற்றுத் துளைகளில் அடைந்த புல்லை உலர்ந்த தூரிகையால் நீக்க வேண்டும். நீர் பாய்ச்சிக் கழுவலாகாது. உள்ளே தீப்பொறி மிகுந்து, ஓட்டம் விட்டுவிட்டு நின்றால் கார்பன் பிரஷ்கள் தேய்ந்திருக்கலாம். இரண்டையும் ஒருசேர மாற்றுவதே முறை.

மின் வடத்தைப் பற்றி மட்டும் சற்று அழுத்திக் கூற விரும்புகின்றோம். சுழலும் நரம்பு தன் வடத்தையே கிழித்துவிடுவதுண்டு. அவ்விடத்தில் கறுப்பு நாடாவைச் சுற்றி வேலையைத் தொடர்வோரை நாம் கண்டிருக்கின்றோம். மாலை மழையில் நனைந்த புல்லில், இரப்பர்ச் செருப்போடு! பிளக்கிலுள்ள 13 ஆம்பியர் பியூஸ் காக்கும் என்று நம்புவது தவறு. உயிரைப் போக்க அதில் நூற்றிலொரு பங்கு மின்னோட்டமும் போதும். அதற்குப் பியூஸ் உருகாது. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனம் வீட்டு மின்பெட்டியில் உள்ளதா என்று பார்த்து, அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் மின்சாரம் நிற்கவில்லையெனில், பதிவுபெற்ற வயர்மேனை அழைக்க வேண்டும். கிழிந்த வடத்தையும் ஒட்டாமல் முழுவதுமாகவே மாற்ற வேண்டும். அதுவரை புல் வளர்ந்தால் வளரட்டும்.