நீண்ட காலத்தின் பின் உங்கள் வளவைத் துப்புரவு செய்தல்

காணி விடுவிக்கப்பட்டதாகக் கிராம அலுவலரிடமிருந்து செய்தி வந்ததும் பெரும்பாலான குடும்பங்கள் செய்வது ஒன்றுதான். வெள்ளியிரவு வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ பஸ் ஏறி, சனிக்கிழமை விடியற்காலை வளவு வாசலில் நிற்பார்கள். இரண்டு நாளில் பற்றையை வெட்டி, குப்பையைக் கொளுத்திவிட்டு ஞாயிறு இரவே திரும்ப வேண்டும். திங்கட்கிழமை வேலை இருக்கிறது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது. அந்த அவசரம் எங்களுக்கு விளங்குகிறது. ஆனாலும் முதல் பயணத்தில் கத்தியையும் மண்வெட்டியையும் கொழும்பிலேயே விட்டுச் செல்லுங்கள் என்றுதான் கேட்டுக்கொள்கிறோம்.

வலிகாமம் வடக்கிலிருந்து பல குடும்பங்கள் வெளியேறியது 1990 ஜூனில். அதன் பின் காணிகள் கட்டம் கட்டமாகவே விடுவிக்கப்பட்டன. மயிலிட்டித் துறைமுகமும் அதை அண்டிய 54 ஏக்கரும் கிடைத்தது 2017 ஜூலையில்தான். அவ்வளவு காலம் ஆள் நடமாட்டம் இல்லாத வளவில் என்ன வளர்ந்திருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். மண்ணுக்குள் என்ன கிடக்கிறது என்பது தெரியாது.

முதல் பயணம்: பார்ப்பதற்கு மட்டும்

போவதற்கு முன் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் இரண்டு விடயங்களைக் கேளுங்கள். உங்கள் காணியில் கண்ணிவெடி அகற்றும் பணி முடிந்து கையளிக்கப்பட்டதா? எவ்வளவு ஆழம் வரை துப்புரவு செய்தார்கள்? இரண்டாவது கேள்வியைப் பலர் கேட்பதில்லை. மேல்மண் துப்புரவாக இருந்தாலும், மலசலகூடத்துக்கோ அத்திவாரத்துக்கோ ஆழமாகத் தோண்டும்போது அந்தத் தகவல் தேவைப்படும்.

மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை நிற்கும் இடத்துக்குள், அது உங்கள் சொந்தக் காணியாக இருந்தாலும், கால் வைக்காதீர்கள். துருப்பிடித்த இரும்புத் துண்டு, வால் உள்ள குண்டு, பிளாஸ்ரிக் டப்பி போன்ற ஒன்று, மண்ணிலிருந்து நீட்டும் கம்பி எதைக் கண்டாலும் தொடவோ கல்லெறியவோ வேண்டாம். வந்த அடித்தடத்திலேயே திரும்பி, இடத்தைத் தூரத்திலிருந்து அடையாளப்படுத்தி, 119க்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள். பிள்ளைகளை முதல் பயணத்துக்குக் கூட்டிச் செல்லாதீர்கள். தொடர்மாடி வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு இவ்வளவு பெரிய வளவு ஓடி விளையாடும் இடமாகத்தான் தெரியும்.

நெருப்பு வைக்க வேண்டாம்

இதைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. குப்பைக்குத் தீ வைத்தபோது அடியில் கிடந்த வெடிபொருள் சூடேறி வெடித்த சம்பவங்கள் வடக்கில் நடந்திருக்கின்றன. வெட்டிய பற்றையை வளவின் ஒரு மூலையில், வீட்டிலிருந்து தள்ளிக் குவித்து உக்க விடுங்கள். பழைய பங்கர், பதுங்குகுழி இருந்தால் அதைக் குப்பையால் நிரப்பி மூடவும் வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று உரியவர்கள் பார்த்த பின்னர் மூடலாம்.

பெக்கோ பிடித்து ஒரே நாளில் வழித்துவிடலாம் என்று பக்கத்து வளவுக்காரர் சொல்வார். வேலை விரைவாக முடியும், உண்மைதான். கூடவே எல்லைக்கல், கதியால் அடி, தானாக முளைத்து நிற்கும் வடலி, நல்ல மேல்மண் எல்லாம் போய்விடும். அடுத்த மழைக்கு அந்த வெறும் மண்ணில் முதலில் முளைப்பது பார்த்தீனியம். கையால் வெட்டுவதற்கு நாலு ஆட்களும் சில நாட்களும் தேவைப்பட்டாலும் அதையே செய்யுங்கள். வீட்டைச் சுற்றித் தொடங்கி வெளியே போங்கள். நீண்ட காற்சட்டையும் முழங்கால் வரை மூடும் சப்பாத்தும் போட்டு, தடியால் தட்டிச் சத்தம் எழுப்பிக்கொண்டு வெட்டுங்கள்.

குடாநாட்டில் புடையனும் சுருட்டை விரியனும் நாகமும் உண்டு. இடிந்த சுவரின் கல் குவியலும் விழுந்து கிடக்கும் ஓலையும் அவற்றுக்கு விருப்பமான இடங்கள். கடிபட்டால் கீறவோ, உறிஞ்சவோ, இறுக்கிக் கட்டவோ வேண்டாம். கடிபட்ட கையை அல்லது காலை அசைக்காமல் வைத்து 1990 அம்புலன்ஸை அழையுங்கள், அல்லது உடனே அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். விஷக்கல் வைப்பவரிடம் போய் நேரத்தை வீணாக்காதீர்கள்.

மரங்கள்

பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகிய மூன்றையும் அனுமதியின்றித் தறிக்க முடியாது. 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் அதைச் சொல்கிறது. மரம் உங்கள் வளவில் நின்றாலும் பொருந்தும். கிராம அலுவலர் ஊடாகப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மற்ற மரங்களையும் ஒரு கோடைகாலம் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. கூரை இல்லாத வீட்டில் தங்கி வேலை செய்யும் நாட்களில் அந்தப் பழைய மாமர நிழலின் அருமை விளங்கும். அடிமரத்துக்குள் குண்டுச் சிதறல் புதைந்திருக்கலாம். வாளோ இயந்திரமோ பிடிப்பவருக்கு அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கிணறு

கிணற்றுக்குள் இறங்கும் முன்னும் அதே எச்சரிக்கை வேண்டும். கைவிடப்பட்ட கிணறுகளுக்குள் வெடிபொருட்கள் போடப்பட்டிருந்தது பல இடங்களில் கண்டறியப்பட்டிருக்கிறது. பார்த்து உறுதி செய்த பின்னரே இறையுங்கள். தண்ணீர் இறைக்கும் பெற்றோல், மண்ணெண்ணெய் மெசினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட விடாதீர்கள். அதன் புகை உள்ளே நிற்பவரை மயக்கிக் கொன்றுவிடும். இறைத்த பின் எவ்வளவு குளோரின் போடுவது என்பது கிணற்றின் அகலத்தையும் நீர்மட்டத்தையும் பொறுத்தது. அதை உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கணக்கிட்டுச் சொல்வார்.

கொழும்பில் அவர் வந்து பூச்சாடித் தட்டைக் கவிழ்த்துப் பார்த்தது நினைவிருக்கும். 2007 ஆம் ஆண்டின் நுளம்பு பெருக்கத் தடைச் சட்டம் ஊரிலும் அதேதான். 2017இல் நாடு முழுவதும் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்குத் தொற்றுக்கு உள்ளானதாகப் பதிவானது. சிரட்டை, ரயர், உடைந்த சீமெந்துத் தொட்டி, மூடியில்லாத மலசலகூடக் குழி எல்லாவற்றையும் மழைக்கு முன் பாருங்கள்.

புல்லா, மண் முற்றமா

இது இளம் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்வி. கொழும்பில் பார்த்துப் பழகிய பச்சைப் புற்றரையை ஊர் முற்றத்திலும் போட ஆசைப்படுகிறார்கள். கொழும்பில் வருடத்துக்குச் சுமார் 2,400 மில்லிமீற்றர் மழை, இரண்டு பருவங்களிலும் பெய்கிறது. யாழ்ப்பாணத்தில் ஏறத்தாழ அதில் பாதிதான். அதுவும் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்ந்துவிடும். மற்ற மாதங்களில் புல்லுக்கு ஊற்றுவது கிணற்றுத் தண்ணீர். குடாநாட்டின் நன்னீர் சுண்ணாம்புக் கல்லுக்குள், உவர்நீருக்கு மேல் மிதந்து நிற்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு மேலே வரும்.

வீட்டைச் சுற்றி நாலு மீற்றர் அளவுக்கு மண் முற்றமாக வைத்துத் தினமும் கூட்டுங்கள். அம்மம்மா விடிய எழும்பி ஈர்க்குமாற்றால் முற்றம் கூட்டியது அழகுக்கு மட்டுமில்லை. கூட்டிய மண்ணில் பாம்பு வந்து போன தடம் தெரியும். அதற்கு அப்பால் இருக்கும் அறுகை விட்டுவிடுங்கள், மழைக்குப் பின் வெட்டினால் போதும். கோடையில் அது காய்ந்து போனாலும் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். அடிவரை செதுக்காதீர்கள். கரட் இலை போன்ற இலையும் சிறிய வெள்ளைப் பூவும் உள்ள பார்த்தீனியத்தை மட்டும் விட்டுவைக்க வேண்டாம். பூக்கும் முன், மண் ஈரமாக இருக்கும்போது, கையுறை போட்டு வேரோடு பிடுங்குங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் அதைச் செய்ய வேண்டாம். பூத்த செடியை உக்கக் குவிக்காமல், பொலித்தீன் பையில் கட்டி வெயிலில் வையுங்கள்.

வேலி

யாழ்ப்பாணத்தில் ஒரு கதியால் தள்ளி நட்டதற்காகத் தலைமுறை தலைமுறையாக வழக்குப் பேசிய கதைகள் உங்களுக்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இப்போது நிலைமை இன்னும் சிக்கல். பக்கத்து வளவுக்காரர் தமிழ்நாட்டு முகாமில் இருக்கலாம், கனடாவில் இருக்கலாம். அவர் இல்லாத நேரத்தில் ஞாபகத்தை வைத்து வேலி அடைக்காதீர்கள். எல்லைக்கல்லைத் தேடி எடுத்துப் படம் பிடியுங்கள். உறுதியோடும் பழைய நில அளவைப் படத்தோடும் அங்கீகாரம் பெற்ற நில அளவையாளரைக் கூப்பிடுங்கள். முடிந்தால் பக்கத்துக் காணியின் உறவினர் ஒருவரையும் நிற்கச் சொல்லுங்கள். அளந்த பின், ஐப்பசி கார்த்திகை மழையோடு கிளுவை, பூவரசு, சீமைக்கிளுவைத் தடிகளை நட்டால் வேர் பிடித்துவிடும். மதில் கட்டுவதற்குக் காசு சேரும் வரை அதுவே போதும். குழையை ஆட்டுக்கும் போடலாம்.

வீடு கட்டி முடியும் வரை நீங்கள் கொழும்பிலேதான் இருப்பீர்கள். மாதத்துக்கு ஒரு முறையாவது வளவைப் பார்க்க ஊரில் ஒருவரை ஒழுங்கு செய்யுங்கள். மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வேண்டும். கூலி எவ்வளவு, என்ன வேலை, எந்த மரத்தில் கை வைக்கக்கூடாது என்பதை ஒரு தாளில் எழுதி, ஒரு பிரதியை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.