‘பிக் பாஸ்’ வீட்டின் வரவு செலவு

2017 முதல் தமிழில் ஒளிபரப்பாகும் ‘பிக் பாஸ்’ நிகழ்ச்சியை நம் வாசகர் பலர் அறிவர். அதன் மூலம், 1999இல் நெதர்லாந்தில் ஜான் டி மோல் உருவாக்கிய ‘பிக் பிரதர்’. அவரும் யோப் வான் டென் எண்டேயும் 1994இல் தத்தம் நிறுவனங்களை இணைத்தபோது பிறந்ததே எண்டமால். பெயரும் இருவர் பெயர்களின் ஒட்டுதான்.

இத்தகைய நிறுவனத்தின் தலையாய சொத்து கேமராவோ படப்பிடிப்புத் தளமோ அன்று; நிகழ்ச்சி வடிவத்தின் உரிமையே. வீட்டை விற்காமல் வாடகை பெறுவது போன்றது இது. ஆனால், ஒரே வீட்டைப் பல நாடுகளில் ஒரே சமயத்தில் வாடகைக்கு விடலாம்!

2000இல் ஸ்பெயினின் டெலிஃபோனிகா இதனைச் சுமார் 550 கோடி யூரோ மதிப்பில் வாங்கியது; 2007இல் தன்னிடமிருந்த 75 விழுக்காட்டுப் பங்கைச் சுமார் 263 கோடி யூரோவுக்கு விற்றது. வாங்கியோர் திரட்டிய பெருங்கடன் நிறுவனத்தின் தலையிலேயே ஏறியது. நிகழ்ச்சிகள் ஓடின, வட்டியும் உடன் ஓடியது. வங்கியாளராகிய நாம் கவனிப்பது இந்த இடத்தைத்தான்: மக்கள் விரும்பிப் பார்த்த நிகழ்ச்சிகளாலும் அச்சுமையைத் தாங்க இயலவில்லை. 2012இல் கடனின் பெரும்பகுதி பங்குகளாக மாற்றப்பட்டு, கடன் கொடுத்தோரே உரிமையாளராயினர்.

2020இல் பிரான்சின் பனிஜே நிறுவனம் எண்டமால் ஷைனை வாங்கியது. பனிஜேயின் தலைமைச் செயல் அதிகாரி மார்க்கோ பசெட்டி, முன்னர் எண்டமாலிலேயே உயர்பொறுப்பு வகித்தவர். இக்கொள்முதலுக்கும் கடன்பத்திரங்கள் வெளியிடப்பட்டன.